பயம் வந்தால் விசுவாசம் போய்விட்டதா?

மழை தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை சாவையும் பயத்தையும் பற்றியவைதான். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

"அக்கா, அம்மாவுக்கு வாய்ப்புற்று. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் கரண்ட் (கதிர் சிகிச்சை) வைத்துக்கொண்டு வருகிறோம். இரவில் அம்மாவுக்கு மூச்சு வருகிறதா என்று எழும்பி எழும்பிப் பார்க்கிறேன். ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி, 'பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று வேதம் சொல்லுது, உங்களுக்கு இன்னும் பயம் இருக்குன்னா விசுவாசம் இல்ல, அதான் சுகம் கிடைக்கல்ல' என்று சொல்லிவிட்டார். இன்னொருவர், வெற்றிலை போட்டதற்குக் கர்த்தர் கொடுத்த தண்டனை என்கிறார். என் பயத்தால்தான் அம்மா குணமாகவில்லையா?"
— வாசகி, பொகவந்தலாவ

இல்லை தங்கச்சி. உங்கள் பயத்துக்கும் அம்மாவின் நோய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மீதிப் பதிலை வாசிக்க நேரமில்லாவிட்டாலும் இதை மட்டும் வாசித்துவிட்டுப் போய்த் தூங்குங்கள்.

இயேசு பயந்தார். சுவிசேஷம் அதை மறைக்கவே இல்லை. பிடிபடுவதற்கு முந்தின இரவு கெத்செமனேயில் பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறார், அங்கே அவர் "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு எழுதுகிறார். "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்கிறார், கூட விழித்திருக்கச் சொல்லிக் கேட்கிறார், அவர்களோ தூங்கிவிடுகிறார்கள். இந்தப் பாத்திரம் என்னை விட்டு நீங்கட்டும் என்று ஒருதரம் கேட்டுவிட்டு அவர் எழும்பிவிடவில்லை, திரும்பத் திரும்பப் போய்க் கேட்கிறார். எபிரெயருக்கு எழுதின நிருபம் இன்னும் வெளிப்படையாக, "பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும்" அவர் விண்ணப்பம் பண்ணினார் என்கிறது. பயம் இருக்கிற இடத்தில் விசுவாசம் இல்லை என்று சொல்கிறவர்கள் அந்தத் தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து கிடந்தவரைப் பற்றி என்ன சொல்லப் போகிறார்கள்?

அந்தச் சகோதரி சொன்ன வசனம் 1 யோவான் 4:18. அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள், பேச்சு நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றியது. கடவுள் என்னைத் தண்டிக்கப் போகிறார் என்று நடுங்குகிறவனுக்கு, உன்னை நேசிக்கிறவரிடம் அப்படி நடுங்க வேண்டாம் என்று யோவான் சொல்கிறார். படுக்கையில் கிடக்கிற அம்மாவைப் பார்த்து மகளுக்கு வருகிற பயம் அது இல்லை. உங்கள் பயம் அன்பிலிருந்து வருகிற பயம். அம்மா யாரோ ஒருவராக இருந்தால் நீங்கள் இரவில் எழும்பவே மாட்டீர்கள்.

வெற்றிலைக்கு வருவோம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்து வருஷக்கணக்கில் மென்றால் வாய்ப்புற்று வரலாம் என்பது உண்மை, புகையிலை இல்லாமல் பாக்கு மட்டுமே கூட புற்றுநோயை உண்டாக்கும். ஆனால் அது நோய்க்குக் காரணம், அவ்வளவுதான். தண்டனை என்பது வேறு பேச்சு. குளிரிலும் ஈரத்திலும் காலையிலிருந்து மலையில் நின்று கொழுந்து பறித்த நம் தாய்மார் பசியை அடக்கவும் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவும் வெற்றிலையை வாயில் அடக்கினார்கள். வாயில் என்ன வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். அம்மாவின் காதில் அந்தத் தண்டனைப் பேச்சு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்ல வருகிறவரை வாசலிலேயே நிறுத்துவது உங்கள் உரிமை. (இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை இருந்தால், புண் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாமல் இருந்தால், பல் டொக்டரிடமாவது காட்டுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் குணமாக்கலாம்.)

குணமாக ஜெபிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் அடியில் அந்தக் கேள்வி இருக்கிறது. ஜெபியுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்டும் கிடைக்காவிட்டால் அது உங்கள் கணக்கில் விழுந்த குறை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இயேசு உயிரோடு எழுப்பின லாசருவும் பிறகு ஒருநாள் செத்துத்தான் போனார், அவர் குணமாக்கின குஷ்டரோகிகளும் குருடரும் எல்லாரும் வயதாகி இறந்தார்கள். நம்முடைய நம்பிக்கை நோய் வராது, சாவு வராது என்பதில் இல்லை. செத்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்பதில் இருக்கிறது. பவுல் சாவுக்கு வைத்த பெயர் "கடைசிச் சத்துரு". சத்துருவைக் கண்டு பயப்படுவதில் பாவம் ஒன்றும் இல்லை.

சங்கீதம் 56-இல், பெலிஸ்தரிடம் பிடிபட்ட தாவீது "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறான். பயப்படுகிற நாளில் நம்புவேன் என்கிறானே தவிர, பயம் தீர்ந்தபிறகு நம்புவேன் என்று சொல்லவில்லை. இரண்டும் ஒரே நாளில், ஒரே நெஞ்சில் இருக்கலாம்.

மருந்தை நிறுத்தாதீர்கள். சுகமாகிவிட்டேன் என்று சபையில் சாட்சி சொல்வதற்காக கிளினிக்கை விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அம்மாவுக்கு வலி கூடினால் டொக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள், மோர்ஃபின் வாயால் எடுக்கிற மருந்தாகவும் கிடைக்கிறது. வலியை வாயை மூடிக்கொண்டு தாங்குவது விசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரவுக் காவலை மாற்றி மாற்றிச் செய்ய அண்ணியையோ பக்கத்துக் காம்பரா (லயத்து அறை) ஆட்களையோ கேளுங்கள். சபையிலும் கேளுங்கள், வசனம் சொல்ல வந்தவர்கள் ஒரு இரவு கண்விழிக்கவும் வரட்டும்.

"எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) பின்னால் மண்திட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது. கிராம சேவகர் வந்து பாடசாலைக்குப் போகச் சொன்னார். அப்பா வரமாட்டேன் என்கிறார். 'ஆயிரம்பேர் விழுந்தாலும் அது உன்னை அணுகாது என்று ஆண்டவர் சொல்லியிருக்காரு, பயந்து ஓடுறவன் விசுவாசி இல்ல' என்கிறார். அப்பாவை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போனால் பாவமா?"
— வாசகர், ஹல்துமுல்ல

தம்பி, இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வர முன்னமே நீங்கள் வெளியேறியிருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். இன்னும் வீட்டில் இருந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு அம்மாவையும் தங்கச்சிமாரையும் கூட்டிக்கொண்டு இறங்குங்கள், அப்பாவோடு பேச மீதியைப் பாடசாலையில் இருந்து வாசிக்கலாம்.

அப்பா சொன்னது சங்கீதம் 91. அதே சங்கீதத்தை வேதத்தில் இன்னொருவரும் எடுத்துச் சொல்கிறார், யார் என்று மத்தேயு 4-இல் அப்பாவையே பார்க்கச் சொல்லுங்கள். பிசாசு இயேசுவை தேவாலய உப்பரிகையில் கொண்டுபோய் நிறுத்தி, தாழக் குதியும், உமக்காகத் தூதர்களுக்குக் கட்டளையிடுவார் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். அது இந்தச் சங்கீதத்தின் வசனம்தான். இயேசு குதிக்கவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்றார். வெடித்த மண்ணுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு காப்பாற்றும் என்று சொல்வது, அந்த உப்பரிகையிலிருந்து குதிப்பதுதான்.

ஓடுகிறவன் விசுவாசி இல்லை என்றால் யோசேப்பு யார்? ஏரோது பிள்ளையைக் கொல்லத் தேடுகிறான், எழுந்து ஓடிப்போ என்று சொப்பனத்தில் சொன்னதும் அவர் விடியும்வரை காத்திருக்காமல் இரவோடிரவாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார். நம்முடைய இரட்சகரே கைக்குழந்தையாக இடம்பெயர்ந்தவர். தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள், அவரும் தப்பி ஓடினவர்தான். "விவேகி ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்ளுகிறான்" என்று நீதிமொழிகள் சொல்கிறது.

ஹல்துமுல்லையில் இருக்கிறவர்களுக்கு மீரியபெத்தவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தையில் அந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கிருந்து எழும்ப வேண்டும் என்ற எச்சரிக்கை வருஷங்களுக்கு முன்னமே வந்திருந்தது. ஆனால் எழும்பி எங்கே போவது? காணி இல்லை, வேறு வீடு இல்லை. தலைமுறை தலைமுறையாக உழைத்தும் ஏழு பேர்ச்சஸ் காணிக்காகக் கை நீட்டி நிற்கிற சனத்தை, ஏன் அங்கேயே இருந்தீர்கள் என்று கேட்பது அநியாயம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கமெல்லாம் மலை சரிந்தபோதும் இதே கதைதான்.

அந்த இரண்டு முறையும் என் காதில் விழுந்த ஒரு பேச்சு, அங்கே பாவம் பெருகிவிட்டது, அதனால்தான் என்பது. லூக்கா 13-ஐத் திறந்து பாருங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைச் சொல்லி, எருசலேமில் மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். மண்ணுக்கடியில் போனவர்களைக் குற்றவாளிகளாக்குகிற உரிமை யாருக்கும் இல்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிறத்தில் வரும். மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாக இருங்கள், சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். நிறம் வருகிறவரைக்கும் காத்திருக்க வேண்டியதும் இல்லை. நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, மரமும் லைட் போஸ்ட்டும் சரிவது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருவது அல்லது திடீரென்று நின்றுபோவது, இதில் ஒன்றைக் கண்டாலும் போய்விட வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

அப்பாவோடு சண்டை பிடிக்காதீர்கள். அநேகமாக அவர் பயப்படுவது வேறு எதற்கோ. மாட்டை யார் பார்ப்பது, பெட்டியில் இருக்கிற ஆவணங்கள், ஒருமுறை இறங்கிவிட்டால் திரும்ப அந்தக் காம்பராவைத் தருவார்களா, பாடசாலையில் எல்லாரோடும் ஒரே மண்டபத்தில் படுப்பது. வசனத்தைச் சொல்வது அவருக்குச் சுலபம், இதைச் சொல்வது கஷ்டம். அடையாள அட்டைகளையும் பிறப்புப் பத்திரங்களையும் பொலித்தீன் பையில் கட்டி அவர் கையிலேயே கொடுங்கள், மாட்டை அவிழ்த்துப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகிற வேலையையும் அவரிடமே கொடுங்கள். அதற்கும் வராவிட்டால் போதகரையோ, அவர் மதிக்கிற பெரியவர் ஒருவரையோ கூட்டி வாருங்கள். அதுவரைக்கும் பிள்ளைகளையும் பெண்களையும் கீழே இறக்காமல் வைத்திருக்க வேண்டாம். அது பாவம் இல்லை தம்பி, கடமை.

"சங்கீதம் 23-ஐ இரவில் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சாவு வீட்டில் வாசிக்கிறதைப் பிள்ளைக்குச் சொல்லாதே, அபசகுனம் என்று மாமி தடுக்கிறார்."
— வாசகி, தலவாக்கலை

சொல்லிக் கொடுங்கள். புல்லுள்ள இடம், தண்ணீர், நிரம்பி வழிகிற பாத்திரம், விருந்து என்று முழுக்க உயிரோடு இருக்கிறவனைப் பற்றிய பாட்டு அது, மரண இருளின் பள்ளத்தாக்கு அதில் ஒரு வசனத்தில்தான் வருகிறது, அங்கேயும் நடந்துபோகிறான். மாமியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லுங்கள், மனம் மாறிவிடுவார்.

"எங்கள் வீட்டில் நானும் அக்காவும்தான் கிறிஸ்தவர்கள். பாட்டி கடைசிவரை மாரியம்மனைக் கும்பிட்டவர், எங்களை வளர்த்ததும் அவர்தான். போன மாதம் இறந்துவிட்டார். கருமாதிக்குப் போனதற்காகச் சபையில் கண்டித்தார்கள். பாட்டி நரகத்தில்தான் இருப்பார் என்று ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை."
— வாசகர், ராகலை

வளர்த்த பாட்டியின் கருமாதிக்குப் போகாமல் இருந்திருந்தால்தான் நான் வருத்தப்பட்டிருப்பேன். தப்பு மேளச் சத்தம் கேட்கிற இடத்துக்குப் போனால் விசுவாசம் கரைந்துவிடும் என்றால் அது எப்படிப்பட்ட விசுவாசம்? உங்களுக்கு மனம் ஒவ்வாத சடங்கு ஏதாவது இருந்தால் அந்த நேரம் தள்ளி நில்லுங்கள், மரியாதையாகச் சொன்னால் நம் ஆட்கள் புரிந்துகொள்வார்கள். பாடை தூக்கலாம், அடுப்படியில் உதவலாம், அழலாம். லாசருவின் கல்லறைக்குப் போகும்போது, இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும், இயேசு கண்ணீர் விட்டார்.

பாட்டி எங்கே இருக்கிறார் என்று தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் அந்த ஆளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. இயேசு வழியாக அல்லாமல் ஒருவரும் பிதாவிடம் வருவதில்லை என்பதை நான் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். அந்த இயேசு யாரை எந்த நேரத்தில் எப்படிச் சந்திக்கிறார் என்பது நம் கண்ணுக்குத் தெரிகிற காரியம் இல்லை. சிலுவையில் பக்கத்தில் தொங்கின கள்ளன் ஞானஸ்நானம் எடுத்தவனும் இல்லை, சபைக்கு வந்தவனும் இல்லை, சாகிற நேரத்தில் ஒரு வார்த்தை கேட்டான். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களைவிடப் பாட்டியை அவர் அதிகம் நேசிக்கிறார். சாப்பிடுங்கள்.

"2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பைச் சின்ன வயதில் டிவியில் பார்த்த என் மகள், இப்போதும் கோயிலில் யாராவது முதுகுப் பையோடு உள்ளே வந்தால் எழும்பி வெளியே போய்விடுகிறாள். ஈஸ்டர் கிட்ட வரும்போது இரவில் தூக்கமே இல்லை. கட்டாயப்படுத்திக் கூட்டிப் போவதா, விட்டுவிடுவதா?"
— வாசகி, பண்டாரவளை

கட்டாயப்படுத்தாதீர்கள், அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். மகளின் பயம் கற்பனை இல்லை என்பதை முதலில் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் சபையிலும் சனம் செத்தது கோயிலில்தான். சீயோனில் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர் இறந்துபோனார்கள். "ஆண்டவருடைய வீட்டில் ஒன்றும் நடக்காது" என்று அவளிடம் சொன்னால் அது பொய் என்று அவளுக்குத் தெரியும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிற உண்மையையும் நம்ப மாட்டாள்.

என்ன சொல்லலாம்? நடந்தது, திரும்ப நடக்காமல் இருக்கப் பெரியவர்கள் பார்த்துக்கொள்கிறோம், உனக்குப் பயமாக இருந்தால் எனக்கும் சில நேரம் பயம்தான், இருந்தாலும் நாம் சேர்ந்து போகிறோம் என்று சொல்லலாம். கதவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். வெளியே போக வேண்டும்போல இருந்தால் உங்கள் கையை அழுத்தச் சொல்லுங்கள், நீங்களும் கூடவே எழும்பிப் போங்கள், கொஞ்ச நேரத்தில் அவள் சரி என்றால் திரும்ப உள்ளே வாருங்கள். முழு ஆராதனையும் இருக்க வேண்டும் என்றில்லை. பைகளை வாசலில் வைத்துவிட்டு வரும்படி சபையாருக்கு அறிவிக்கச் சொல்லிப் போதகரிடம் கேளுங்கள், இதைப் பெரிய விஷயமாக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் அவளுக்குச் சொல்லலாம். அன்று சீயோனில் குண்டோடு வந்த ஆளைச் சந்தேகப்பட்டு, உள்ளே விடாமல் வாசலிலேயே தடுத்து நின்றவர் ஒரு சாதாரணக் கட்டட ஒப்பந்தக்காரர், இரண்டு பிள்ளைகளின் அப்பா. அவர் உயிர் போனது, மண்டபத்துக்குள் இருந்த எத்தனையோ பேர் பிழைத்தார்கள். அவருக்குப் பயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர் விலகவில்லை, அதுதான் நமக்குத் தெரியும்.

தூக்கமின்மை கிழமைக்கணக்கில் போனால் ஆஸ்பத்திரியில் மனநல டொக்டரிடம் காட்டுங்கள், 1926-க்கு அழைத்தும் பேசலாம். ஜெபமும் இதுவும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

"அம்மா, நான் ஃபெக்டரியில் வேலை செய்து பென்ஷன் எடுத்தவன். இதயம் பலவீனம், எந்த நேரமும் போகலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மனைவி இல்லை, மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், மகள் வெளிநாட்டில். மோட்சம் உண்டு என்று நம்புகிறேன், அதில் சந்தேகமே இல்லை. போகிற வழிதான் பயம். நடு இரவில் மூச்சுத் திணறித் தனியாகக் கிடந்து சாவேனோ என்று. இந்த வயதில் இப்படிப் பயப்படுவது வெட்கமாக இருக்கிறது."
— வாசகர், மஸ்கெலியா

ஐயா, வெட்கப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதினதை அப்படியே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தோடு வைத்துப் பாருங்கள். அதில்தான் "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்று வருகிறது, எல்லாரும் சுவரில் மாட்டி வைத்திருக்கிற வசனம். அதை எழுதும்போது அவர் ரோமாபுரிச் சிறையில் இருக்கிறார், சாவு நெருங்கிவிட்டது என்று அவருக்குத் தெரியும், நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன் என்கிறார். அதே நிருபத்தில், சீக்கிரமாய் என்னிடத்தில் வா, வரும்போது துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா, மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேர் என்று கெஞ்சுகிறார். எல்லாரும் என்னைக் கைவிட்டார்கள், லூக்கா மாத்திரம் என்னோடே இருக்கிறான் என்றும் எழுதுகிறார். நீதியின் கிரீடம் காத்திருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒருவருக்குக் குளிர் இருந்தது, தனிமை இருந்தது, ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும் என்றிருந்தது. அவர் அதைக் கேட்டார். நீங்களும் கேட்கலாம்.

யாரும் தனியாகச் சாகக்கூடாது என்பது இந்த மலைநாட்டில் கிறிஸ்தவம் காலூன்றின நாளிலிருந்து வருகிற வேலை. புனித யோசேப் வாஸ் சாமியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோவாவிலிருந்து வந்தவர், ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் தடைசெய்திருந்த காலத்தில் 1687-இல் பிச்சைக்காரர் வேஷத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார், 1692-இல் கண்டிக்கு வந்ததும் ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். பிறகு 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோய் கண்டவர்களை வீட்டாரே கைவிட்டு ஓடினார்கள். இவர் அவர்களைத் தேடிப்போய்க் கழுவினார், உணவு கொடுத்தார், செத்தவர்களைப் புதைத்தார், யார் எந்த மதம் என்று பார்க்கவில்லை. 1711-இல் கண்டியிலேயே இறந்தார், 2015-இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நான் கத்தோலிக்கர் இல்லை, ஆனால் கண்டியில் அந்தத் தெருக்களில் நடக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக் கர்த்தருக்கு நன்றி சொல்வேன். நம்முடைய முப்பாட்டன்மார் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்த வழியில் வாந்திபேதியில் விழுந்தபோது பக்கத்தில் உட்கார ஒருவரும் இல்லாமல் எத்தனையோ பேர் செத்தார்கள். அந்த வழியில் வந்த சனத்தின் பிள்ளைகள் நாம். நம் சபைகளில் ஒருவர் தனியாகக் கிடந்து சாவது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

அதனால் சில காரியங்கள் செய்யுங்கள். மூச்சுத் திணறலைப் பற்றி அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அதைத் தணிக்க மருந்துகள் இருக்கின்றன, தலையணையை உயர்த்திச் சாய்ந்து படுப்பதே பாதி உதவி செய்யும், நீங்கள் நினைத்துப் பயப்படுகிற அளவுக்குத் துடிக்க விடாமல் பார்த்துக்கொள்ள அவர்களால் முடியும். 1990 அம்புலன்ஸ் இலக்கத்தைப் பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளின் போனிலும் போட்டு வையுங்கள், லயத்துக்கு வருகிற வழியை அவர்களுக்குச் சொல்லப் பழக்குங்கள். இரவில் சுவரில் தட்டினால் பக்கத்து வீட்டில் எழும்பி வர வேண்டும் என்று இப்போதே பேசி வையுங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள், லயத்துச் சுவர் அவ்வளவு கனமில்லை, உங்கள் இருமல் அவர்களுக்கு ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

மகனுக்கு இந்தக் கடிதத்தையே வாசித்துக் காட்டுங்கள். அவனுக்குத் தெரியாது ஐயா. "அப்பா நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்லிக்கொண்டிருந்தால் அவனுக்கு எப்படித் தெரியும்? எந்தப் பாட்டைப் பாட வேண்டும், எங்கே புதைக்க வேண்டும், யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதி வையுங்கள். அது சாவைக் கூப்பிடுவது இல்லை, கணக்கு முடித்துக் கொடுப்பது. ஃபெக்டரியில் இருந்தவருக்கு அது பழகின வேலைதான்.

இரவில் தூக்கம் வராதபோது இயேசு சிலுவையில் கடைசியாகச் சொன்னதைச் சொல்லுங்கள், "பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்". சங்கீதம் 31-இலிருந்து அவர் எடுத்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அதே சிலுவையிலிருந்து கூப்பிட்டவரும் அவர்தான். இரண்டில் எது அன்றைக்கு உங்கள் வாயில் வருகிறதோ அதைச் சொல்லுங்கள்.

நீங்கள் எந்தச் சபை என்று எழுதவில்லை. எழுதி அனுப்புங்கள், உங்கள் போதகரிடம் நானே பேசுகிறேன். மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தில் இதை வாசிக்கிற வாலிபர் யாராவது கிழமைக்கு ஒரு மாலை இவரோடு போய் இருக்கத் தயார் என்றால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், ஐயாவின் சம்மதம் கேட்டுக்கொண்டு சேர்த்துவைக்கிறேன்.